தீவனத்தில் பூஞ்சை நஞ்சு: சோதனை அறிக்கையில் உள்ள எண்ணை எவ்வளவு நம்பலாம்?

2019 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் நாடு தழுவிய பால் ஆய்வின் முடிவுகளை வெளியிட்டது. சோதித்த 6,432 மாதிரிகளில் 368-ல் அஃப்ளாடாக்சின் எம்1 என்ற நச்சு அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தது. எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு. இங்கே எடுத்த 551 மாதிரிகளில் 88 தேறவில்லை. டெல்லியில் 262-க்கு 38, கேரளாவில் 187-க்கு 37. விகிதம் போட்டுப் பார்த்தால் கேரளாதான் முன்னே நிற்கிறது, ஆனால் செய்திகளில் அடிபட்ட பெயர் தமிழ்நாடு.

"பாலில் விஷம்" என்று தலைப்பு வந்ததும், யாரோ எதையோ கலந்துவிட்டார்கள் என்றுதான் பலரும் எடுத்துக்கொண்டார்கள். இந்த நச்சை யாரும் பாலில் கலப்பதில்லை. மாடு தின்ற தீவனத்தில் இருந்தது பாலில் இறங்குகிறது. அந்த ஆணையமே அப்போது, இது தீவனம் வழியாக வருகிறது, தீவனத்துக்கு நாட்டில் கட்டுப்பாடு இல்லை என்று சொன்னது. ஆக, பாலைச் சோதித்தால் நோயின் அறிகுறி தெரியும். காரணத்தைப் பிடிக்க மக்காச்சோளத்தையும் புண்ணாக்கையும் தவிட்டையும் சோதிக்க வேண்டும். அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. தானியத்தில் பூஞ்சை நஞ்சைச் சோதிப்பது, பாலில் கொழுப்பு பார்ப்பதுபோல நேரான வேலை இல்லை. ஆய்வகம் தன் வேலையைச் சரியாகச் செய்தும் அறிக்கையில் வரும் எண் தவறாக இருக்க முடியும். அது எப்படி என்று அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## பூஞ்சை வேறு, அதன் நஞ்சு வேறு

தானியத்தில் வளரும் சில பூஞ்சைகள் (ஊர்ப்பேச்சில் பூசணம், பூஞ்சணம்) வளரும்போதே சில வேதிப்பொருள்களைச் சுரக்கின்றன. அவற்றில் விலங்குகளையும் மனிதரையும் பாதிப்பவை பூஞ்சை நஞ்சுகள். பூஞ்சை உயிருள்ளது, வெயிலிலும் சூட்டிலும் சாகும். நஞ்சு வெறும் வேதிப்பொருள், அது சாகாது. தீவன ஆலையில் குச்சித் தீவனம் அழுத்தும்போது 70 முதல் 90 டிகிரி வரை சூடேறும். சால்மொனெல்லா போன்ற கிருமிகள் அதில் குறையும். அஃப்ளாடாக்சின் 250 டிகிரியைத் தாண்டும்வரை பெரிதாகச் சிதைவதில்லை. பாலைக் காய்ச்சினாலும் எம்1 போகாது, காரணம் இதேதான்.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் வருகின்றன, இரண்டுமே களத்தில் அடிக்கடி மறந்துபோகிறவை.

1. பூஞ்சை கண்ணில் படவில்லை என்பதால் நஞ்சு இல்லை என்று சொல்ல முடியாது. வளர்ந்து, நஞ்சைச் சுரந்து, பிறகு காய்ந்து உதிர்ந்திருக்கலாம்.
2. பூஞ்சை கண்ணில் பட்டது என்பதால் நஞ்சு இருந்தே தீரும் என்றும் இல்லை. எல்லாப் பூஞ்சையும் நஞ்சு சுரப்பதில்லை, சுரக்கும் இனமும் எல்லா நேரமும் சுரப்பதில்லை.

பார்த்து, முகர்ந்து, கையில் அள்ளிக் கடித்துப் பார்த்து முடிவெடுக்கும் அனுபவம் ஈரப்பதத்துக்கு ஓரளவு உதவும். நஞ்சுக்கு உதவாது.

இந்தத் துறை பிறந்ததே ஒரு தீவன விபத்தில்தான். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் செத்தன. துருவிப் பார்த்தபோது பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் தடம் முடிந்தது. அதில் ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூஞ்சை வளர்ந்திருந்தது. அதன் பெயரை வைத்தே நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர் வந்தது. புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிர்ந்தவை பி1, பி2 ஆயின, பச்சையாக ஒளிர்ந்தவை ஜி1, ஜி2 ஆயின. மாட்டின் ஈரல் பி1-ஐ மாற்றிப் பாலில் அனுப்பும் வடிவம் எம்1.

## எந்த நஞ்சு, எந்த விலங்கு

பூஞ்சை நஞ்சுகள் நூற்றுக்கணக்கில் அறியப்பட்டிருக்கின்றன. தீவனச் சோதனையில் வழக்கமாகப் பார்ப்பவை ஆறுதான்: அஃப்ளாடாக்சின், ஆக்ராடாக்சின், ஃப்யூமோனிசின், வாமிடாக்சின் என்று அழைக்கப்படும் டியாக்ஸினிவலினால், சியரலினோன், டி-2.

ஃப்யூமோனிசின் குதிரைக்கு மூளையையும் பன்றிக்கு நுரையீரலையும் தாக்கும். வாமிடாக்சின் இருந்தால் பன்றி தீவனத்தைத் தொடாது. சியரலினோன் பெண்மை ஹார்மோன்போல நடந்துகொண்டு சினைப்பிடிப்பைக் குலைக்கும். ஆக்ராடாக்சினுக்குச் சிறுநீரகம் இலக்கு. டி-2 கோழியின் வாயில் புண் உண்டாக்கும். வாமிடாக்சினும் சியரலினோனும் அதிகம் குளிர்நாட்டுக் கோதுமை, மக்காச்சோளத்தின் தொல்லை. நம் வெப்பத்திலும் ஈரத்திலும் முதல் எதிரி அஃப்ளாடாக்சின்தான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதரில் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவை என்ற முதல் பிரிவில் அஃப்ளாடாக்சின்களை வைத்திருக்கிறது. மொத்தமாக உடலில் ஏறினால் அது நேராகவே கொல்லும். 1974-ல் ராஜஸ்தான், குஜராத் எல்லைப் பகுதியில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்ட ஏழைக் குடும்பங்களில் நூற்றுக்கு மேற்பட்டோர் ஈரல் பாதித்து இறந்தார்கள். 2004-ல் கென்யாவில் 317 பேர் பாதிக்கப்பட்டு 125 பேர் இறந்தார்கள். அங்கும் மக்காச்சோளம்தான்.

பண்ணையில் நடப்பது இவ்வளவு வெளிப்படையாக இருக்காது. வாத்துக் குஞ்சும் வான்கோழியும் சீக்கிரம் விழும். கோழி ஓரளவு தாங்கும், ஆனால் ஈரல் வெளிறிக் கொழுப்பேறும், முட்டை குறையும், நோய் எதிர்ப்பு தளர்ந்து போட்ட தடுப்பூசி வேலை செய்யாது. பண்ணைக்காரர் பார்ப்பது "ஏதோ நோய்" என்றுதான். மருந்துக்கும் ஊசிக்கும் செலவழித்துக்கொண்டே இருப்பார், மூலகாரணம் தீவனத் தொட்டியில் இருக்கும். முட்டைக்குள் அஃப்ளாடாக்சின் போவது மிக மிகக் குறைவு என்பதால் முட்டை சாப்பிடுகிறவர் பயப்பட அவ்வளவு இல்லை. நட்டம் முழுக்கப் பண்ணைக்காரரின் தலையில் விழுகிறது. பாலில் கதை வேறு.

## பி.பி.பி. கணக்கும் பாலுக்குப் போகும் வழியும்

அறிக்கைகளில் வரும் அலகு பி.பி.பி., அதாவது நூறு கோடியில் ஒரு பங்கு. ஒரு கிலோவுக்கு ஒரு மைக்ரோகிராம் என்பதும் அதுவே. 20 டன் மக்காச்சோளம் ஏற்றிய லாரியில் 20 பி.பி.பி. அஃப்ளாடாக்சின் இருந்தால், அத்தனை மூட்டையிலும் சேர்த்து நஞ்சு 0.4 கிராம்தான். அரை கிராம்கூட இல்லாத ஒன்றை ஒரு லாரிச் சரக்கில் தேடுகிறோம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாடு தின்னும் பி1-ல் 1 முதல் 2 விழுக்காடு எம்1 ஆகப் பாலில் வரும், அதிகம் கறக்கும் மாட்டில் 6 விழுக்காடு வரைகூடப் போகும். நச்சுத் தீவனம் போட்ட ஓரிரு நாளில் பாலில் தெரியும், நிறுத்திய மூன்று நான்கு நாளில் வடிந்துவிடும். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். நாளுக்கு 5 கிலோ அடர்தீவனம் தின்று 10 லிட்டர் கறக்கும் மாடு, 2 விழுக்காடு பாலுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம்.

1. தீவனத்தில் 20 பி.பி.பி. இருந்தால் மாட்டுக்குள் போவது 100 மைக்ரோகிராம், பாலில் வருவது 2 மைக்ரோகிராம், லிட்டருக்கு 0.2. இந்தியாவின் வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம். பால் தேறிவிடும்.
2. தீவனத்தில் 100 பி.பி.பி. இருந்தால் லிட்டருக்கு 1.0. வரம்பைப்போல இரண்டு மடங்கு.
3. தீவனத்தில் 5 பி.பி.பி. இருந்தால் லிட்டருக்கு 0.05. ஐரோப்பிய ஒன்றியத்தின் பால் வரம்பு சரியாக இதுதான். கறவை மாட்டுத் தீவனத்துக்கு அவர்கள் 5 பி.பி.பி. என்று வைத்திருப்பது ஏன் என்பது இப்போது விளங்கும்.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் கலப்புத் தீவனத்துக்கு வைத்திருக்கும் பி1 வரம்பு 20 பி.பி.பி. அதைப் பின்பற்றினாலே 0.5-க்குள் பால் நிற்கும் என்று முதல் கணக்கு காட்டுகிறது. அப்படியென்றால் தேறாத அந்த 88 மாதிரிகளின் பின்னால் இருந்த மாடுகள் 20-ஐவிட வெகு அதிகமாகத் தின்றிருக்க வேண்டும். எதிலிருந்து? நம் ஊரில் இரண்டு மூன்று மாடு வைத்திருப்பவர் பை போட்டு விற்கும் கலப்புத் தீவனத்தை மட்டும் நம்பி வளர்ப்பதில்லை. கடலைப் புண்ணாக்கு, தேங்காய்ப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, தவிடு, சேலம் பக்கம் ஜவ்வரிசி ஆலைகளின் மரவள்ளித் திப்பி என்று கிடைப்பதை வாங்கிப் போடுவார். தரச் சான்று ஒட்டிய பைக்குள் இவை எதுவும் வருவதில்லை. எனவே கலப்புத் தீவனத்துக்கு மட்டும் விதி போட்டால் பாதிக் கதவைத்தான் சாத்தியதாகும்.

## முக்கியமான இடம்: மாதிரி எடுப்பது

"ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பது இந்த விஷயத்தில் பலிக்காது. சோறு ஒரே சூட்டில் ஒரே நீரில் வெந்தது. மக்காச்சோளக் குவியலில் பூஞ்சை அப்படிச் சீராகப் பரவுவதில்லை. படைப்புழு துளைத்த ஒரு கதிரில், அந்தக் கதிரின் நுனியில், நாலைந்து மணிகளில் அது குடிகொண்டிருக்கும். பக்கத்து மணி சுத்தமாக இருக்கும். ஒரே மக்காச்சோள மணியில் 4 லட்சம் பி.பி.பி.க்கு மேல்கூடப் பதிவாகியிருக்கிறது.

இதன் விளைவைப் புரிந்துகொள்ள ஒரு எளிய மாதிரிக் கணக்கு. ஒரு மணியின் எடை 0.3 கிராம். கெட்ட மணி ஒவ்வொன்றிலும் ஒரு லட்சம் பி.பி.பி. நஞ்சு, அதாவது மணிக்கு 30 மைக்ரோகிராம். மற்ற மணிகளில் எதுவும் இல்லை. குவியல் முழுக்க சராசரியாகக் கிலோவுக்கு ஒரு கெட்ட மணி. அப்போது லோடின் உண்மையான அளவு 30 பி.பி.பி., 20 என்ற வரம்புக்கு மேல். திருப்பி அனுப்ப வேண்டிய சரக்கு.

இதிலிருந்து ஒரு கிலோ மாதிரி எடுத்தால் என்ன கிடைக்கும்? நிகழ்தகவுப்படி 100 முறை எடுத்தால் ஏறத்தாழ 37 முறை ஒரு கெட்ட மணிகூட அதில் அகப்படாது. ஆய்வகம் "இல்லை" என்று எழுதும், அது சொன்னதும் உண்மை, அவர்கள் கையில் கொடுத்த பையில் உண்மையிலேயே இல்லை. 37 விழுக்காடு வாய்ப்பில் கெட்ட சரக்கு உள்ளே வந்துவிடும். அதே லோடிலிருந்து 10 கிலோ மாதிரி எடுத்து முழுக்க அரைத்துச் சோதித்தால், 20-க்குக் கீழே காட்டும் வாய்ப்பு சுமார் 13 விழுக்காடாகக் குறைகிறது. இயந்திரத்தை மாற்றவில்லை, முறையை மாற்றவில்லை, அள்ளிய அளவை மட்டும் மாற்றினோம்.

மறுபக்கமும் இருக்கிறது. மூன்று கிலோவுக்கு ஒரு கெட்ட மணி என்றால் லோடின் அளவு 10 பி.பி.பி., நல்ல சரக்கு. ஆனால் ஒரு கிலோ மாதிரியில் அந்த ஒரு மணி மாட்டிக்கொண்டால் 30 என்று வரும், விவசாயியின் லோடு திரும்பும். இது 100-க்கு 28 முறை நடக்கும். சின்ன மாதிரி வாங்குகிறவரை மட்டும் ஏமாற்றுவதில்லை, விற்கிறவருக்கும் அநியாயம் செய்கிறது. ஒரே லோடுக்கு இரண்டு ஆய்வகம் இரண்டு எண் கொடுத்தால் ஒருவர் பொய் சொல்கிறார் என்று சண்டை போடுவது வழக்கம். பெரும்பாலும் இருவருமே சரி, பை வேறு.

நிஜச் சரக்கில் நஞ்சின் பரவல் இந்தக் கணக்கைவிடச் சிக்கலானது. ஆனாலும் திசை இதுதான். முழுத் தானியத்தில் வரும் மொத்தப் பிழையில் பெரும்பங்கு மாதிரி எடுப்பதில் வருகிறது, அடுத்தது அரைத்துப் பிரிப்பதில், கருவியின் பிழை கடைசியில் வருகிறது. நாம் பணம் செலவழிப்பதோ தலைகீழாக: கருவிக்கு லட்சங்கள், மாதிரி எடுக்கக் குத்தூசியோடு ஒரு பையன்.

சரியாக எடுப்பது எப்படி?

1. பல இடத்தில் எடுக்க வேண்டும். லாரியின் வாயில் இருக்கும் நாலு மூட்டையில் மட்டும் குத்தி எடுத்தால் அது சரியான மாதிரி ஆகாது. நீளமான குழாய்க் குத்தூசியால் அடிவரை இறக்கி, முன், நடு, பின், ஓரம் என்று எடுக்க வேண்டும். உணவுத் தானியத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் வகுத்த முறையில் பெரிய லாட்டுக்கு 100 இடங்களில் எடுத்து 10 கிலோ சேர்க்கச் சொல்கிறார்கள்.
2. முடிந்தால் ஓடும் சரக்கில் எடுக்க வேண்டும். இறக்கும்போது கன்வேயரிலிருந்து விழும் தாரையை குறித்த நேரத்துக்கு ஒருமுறை குறுக்கே வெட்டி எடுப்பது எல்லாவற்றிலும் நல்லது. நிற்கும் குவியலில் தூசியும் நொறுங்கலும் கொட்டும் இடத்துக்கு நேர்கீழே நடுவில் சேரும், முழு மணி ஓரத்துக்கு உருளும். நஞ்சு அதிகம் இருப்பது தூசியிலும் நொறுங்கலிலும்தான். மேலே ஓரத்தில் அள்ளினால் நல்ல மணிதான் வரும்.
3. முதலில் அரைக்க வேண்டும், பிறகுதான் குறைக்க வேண்டும். இந்த வரிசை தவறினால் மேலே செய்தது எல்லாம் வீண். பத்து கிலோ சேகரித்துவிட்டு, அதை மணியாகவே கூறுபோட்டு 200 கிராம் எடுத்து அரைத்தால், 200 கிராம் மாதிரி எடுத்ததற்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை. மொத்தத்தையும் நைசாக அரைத்து, கலந்து, அதிலிருந்து 50 கிராம் எடுப்பதே முறை.
4. மிச்ச மாவை உலர்ந்த காற்றுப்புகாத பையில் முத்திரையிட்டு வைக்க வேண்டும். தகராறு வந்தால் சோதிக்க வேண்டியது அந்த மாவைத்தான். அதே லோடிலிருந்து புதிதாக அள்ளி அனுப்பினால் புதிய எண் வரும், சண்டை தீராது.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒன்று: அரைத்துக் கலந்த பொருளில் நஞ்சு ஏற்கெனவே பரவிவிட்டது. தூளாக வரும் புண்ணாக்கு, தவிடு, கலந்து முடித்த தீவனம் இவற்றில் மாதிரிப் பிழை குறைவு. அதனால் முடித்த தீவனத்தைச் சோதித்தால் எண் நம்பகமாக வரும், ஆனால் அந்த நேரத்தில் கெட்டது நல்லதோடு கலந்து முடிந்திருக்கும். வாசலிலேயே மணியைச் சோதித்தால் தடுக்கலாம், ஆனால் எண் ஆடும். ஆலைகள் இரண்டையும் செய்வதுதான் சரி. ஒன்றுதான் முடியும் என்றால், வாசலில் பெரிய மாதிரி எடுப்பதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

## ஆய்வகத்தில் என்ன நடக்கிறது

புற ஊதா விளக்கு: இருட்டறையில் நொறுக்கிய மக்காச்சோளத்தை விளக்கில் காட்டினால் சில துண்டுகள் பளிச்சென்ற பச்சை மஞ்சளில் ஒளிரும். ஒளிர்வது அஃப்ளாடாக்சின் அல்ல, அதே பூஞ்சை சுரக்கும் கோஜிக் அமிலத்தோடு தொடர்புடைய ஒரு பொருள். பூஞ்சை அங்கே வளர்ந்திருக்கிறது என்று சந்தேகிக்க இது போதும். எத்தனை பி.பி.பி. என்று சொல்லாது.

பட்டைச் சோதனை: கர்ப்பப் பரிசோதனைப் பட்டைபோலவே இருக்கும், சில நிமிடத்தில் முடிவு வரும். மாவை மெத்தனால் கலந்த நீரில் ஆட்டி, வடித்து, சொட்டு விடுவார்கள். இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கிறது. இது போட்டி முறையில் வேலை செய்வது (மாதிரியில் உள்ள நஞ்சும் பட்டையின் கோட்டில் உள்ள பொருளும், நஞ்சைப் பிடிக்கும் எதிர்ப்பொருள் என்ற ஒரே புரதத்துக்குப் போட்டி போடும்), எனவே நஞ்சு இருந்தால் சோதனைக் கோடு மங்கும் அல்லது மறையும், இல்லாவிட்டால் கோடு அழுத்தமாக வரும். கோடு வந்ததைப் பார்த்துவிட்டு நல்ல லோடைத் திருப்பி அனுப்புவதும், வராததைப் பார்த்துக் கெட்டதை உள்ளே விடுவதும் இந்தத் தலைகீழ் தெரியாததால் வருகிறது.

எலைசா: இதுவும் எதிர்ப்பொருளை நம்பும் போட்டி முறைதான், ஆனால் நிறத்தைக் கருவி படித்து எண்ணாகக் கொடுக்கும். நிறம் குறைந்தால் நஞ்சு அதிகம். ஒரே நேரத்தில் பல மாதிரிகளைப் போடலாம் என்பதால் ஆலைகளுக்கு ஏற்றது. மக்காச்சோளத்துக்கென்று அளவு பார்த்துச் சரிசெய்த கிட்டைப் பருத்திக்கொட்டைப் புண்ணாக்குக்கோ கலப்புத் தீவனத்துக்கோ போட்டால் மற்ற பொருள்கள் குறுக்கிட்டு எண் பிசகும். எந்தப் பொருளுக்குச் சரிபார்த்தது என்று கிட்டின் தாளில் இருக்கும், அதைப் படித்துவிட்டு வாங்க வேண்டும்.

எச்.பி.எல்.சி., எல்.சி.எம்.எஸ்.: பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து அளப்பவை. முதலாவது பி1, பி2, ஜி1, ஜி2-ஐத் தனியாகச் சொல்லும். இரண்டாவது ஒரே ஓட்டத்தில் பல நஞ்சுகளைப் பார்க்கும், சர்க்கரையோடு ஒட்டிக்கொண்டு மறைந்திருக்கும் வடிவங்களையும் கண்டுபிடிக்கும். தகராறுக்கும் ஏற்றுமதிக்கும் இவைதான். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது, தீவன மாதிரிகளை அங்கே கொடுத்துப் பார்க்கலாம்.

அறிக்கை கைக்கு வந்ததும் பார்க்க வேண்டியவை:

1. பி1-ஆ, மொத்த அஃப்ளாடாக்சினா? வரம்பு பி1-க்கு, அறிக்கை மொத்தத்துக்கு என்றால் ஒப்பிட முடியாது.
2. "கண்டறியப்படவில்லை" என்றால் பூச்சியம் என்று பொருளில்லை. எந்த அளவுக்குக் கீழே அந்தக் கருவி பார்க்காது என்பது பக்கத்தில் இருக்க வேண்டும். அது 10 பி.பி.பி. என்றால், 9 இருந்தாலும் அதே வார்த்தைதான் வரும்.
3. எந்த முறை, ஆய்வகத்துக்கு அந்தச் சோதனைக்கே அங்கீகாரம் உண்டா?
4. எத்தனை கிலோ மாதிரி, யார் எடுத்தது? "வாடிக்கையாளர் கொடுத்த மாதிரி" என்று எழுதியிருந்தால், அந்த எண் அந்தப் பைக்கு மட்டுமே சொந்தம்.

## ஈரம், காலம், தூரம்

வயலில் பூக்கும் பருவத்திலும் மணி பிடிக்கும் பருவத்திலும் வறட்சி வந்தால் அஃப்ளாடாக்சின் ஏறும். அறுவடைக்குப் பிறகு மழை வந்தால் இன்னும் ஏறும். வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பயிரிடும் பெரம்பலூர், அரியலூர் போன்ற இடங்களில் இரண்டும் ஒரே பருவத்தில் நேர வாய்ப்பு உண்டு. 2018 முதல் படைப்புழுவும் சேர்ந்துகொண்டது, புழு துளைத்த மணி பூஞ்சைக்குத் திறந்த வாசல். களம் இல்லாமல் தார்ச்சாலையில் காய வைக்கும் மக்காச்சோளம் மேலே காய்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருக்கும். 12 முதல் 14 விழுக்காட்டுக்குள் ஈரத்தை இறக்காமல் மூட்டை பிடித்தால் கிடங்கில் பூஞ்சை மறுபடி கிளம்பும்.

நாமக்கல் பண்ணைகளுக்கு உள்ளூர்ச் சரக்கு போதாமல் கர்நாடகத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் சரக்கு ரயிலில் மக்காச்சோளம் வருகிறது. ஏற்றும் இடத்தில் எடுத்த சோதனை இறக்கும் இடத்துக்குச் செல்லாது. வழியில் நனைந்த ஒரு பெட்டி போதும். ஈரப்பத மீட்டர் மலிவானது, நொடியில் சொல்லும். அது நஞ்சைக் காட்டாது, ஆனால் எந்த லாரியை முதலில் நஞ்சுச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று காட்டும்.

தீவன வாசலில் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு செர்பியா ஒரு பாடம். 2012-ல் அங்கே கடும் வறட்சி, மக்காச்சோளத்தில் அஃப்ளாடாக்சின் ஏறியது. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் பாலில் எம்1 வரம்பைத் தாண்டியது. அரசு செய்தது, பாலின் வரம்பை 0.05-லிருந்து 0.5 ஆக உயர்த்தியது. அந்த மக்காச்சோளம் ஜெர்மனி வரை போய் ஆயிரக்கணக்கான பண்ணைகளின் தீவனத்தில் கலந்திருந்தது 2013 மார்ச்சில் தெரியவந்தது.

## நஞ்சு ஒட்டியும் கூட்டுறவுச் சங்கமும்

"டாக்சின் பைண்டர் போடுகிறோம், சோதனை எதற்கு" என்று கேட்கிறவர்கள் உண்டு. நஞ்சைப் பிடித்து வைக்கத் தீவனத்தில் கலக்கும் பொருளைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். பென்டோனைட் போன்ற களிமண் அஃப்ளாடாக்சினைக் குடலில் பிடித்து வைப்பது உண்மை. ஃப்யூமோனிசின், வாமிடாக்சின், டி-2 ஆகியவற்றை அது அப்படிப் பிடிக்காது. எந்த நஞ்சு, எவ்வளவு என்று தெரியாமல் எந்த பைண்டரை எவ்வளவு போடுவது? சோதனை முதலில் வர வேண்டும், பைண்டர் அதன் முடிவைப் பார்த்து வர வேண்டும்.

இரண்டு மாட்டுக்காரர் புண்ணாக்கு மூட்டைக்கு மூட்டை ஆய்வகம் போக முடியாது. அவருக்கு உதவக்கூடியது பால் சங்கம். ஒரு ஊர்ப் பால் முழுதும் குளிர்விப்பானில் சேர்ந்து கலந்துவிடுவதால் மாதிரிப் பிழை கிட்டத்தட்ட இல்லை, அரை டம்ளர் பால் போதும். எம்1 பட்டையை அங்கே வாரம் ஒருமுறை போட்டால் எந்த ஊரில் கெட்ட தீவனம் புழங்குகிறது என்று தெரிந்துவிடும். பிறகு அந்த ஊரில் எந்தக் கடையில் எந்தப் புண்ணாக்கு என்று தேடலாம். கண்டுபிடித்து நிறுத்திய மூன்று நான்கு நாளில் பால் தெளியும் என்பதால் பலனும் உடனே தெரியும். பாலைச் சோதித்துவிட்டுக் கொட்டுவதோடு நிறுத்தினால் ஏழை மாட்டுக்காரருக்குத் தண்டனை, தீவனக் கடைக்கு ஒன்றுமில்லை. இது சரியில்லை.

## திருப்பி அனுப்பிய லோடு எங்கே போகிறது?

ஒரு ஆலை வேண்டாம் என்ற சரக்கு அழிக்கப்படாவிட்டால் இன்னொரு வாசலைத் தேடும். இப்போது பெரிய வாசல் எத்தனால் ஆலை. 2018-ன் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, மனிதர் சாப்பிடத் தகாத சேதமடைந்த தானியத்திலிருந்து எத்தனால் எடுக்க அனுமதிக்கிறது. எத்தனாலுக்குள் நஞ்சு போகாது, எரிபொருளில் குறையில்லை. ஆனால் 100 கிலோ மக்காச்சோளத்தின் மாவுச்சத்தெல்லாம் சாராயமாகிப் போனபின் சுமார் 30 கிலோ சக்கை மிஞ்சும். டி.டி.ஜி.எஸ். என்ற பெயரில் அது தீவனச் சந்தைக்கு வருகிறது, புரதம் அதிகம், சோயாப் புண்ணாக்கைவிட மலிவு. நொதித்தல் அஃப்ளாடாக்சினை அழிப்பதில்லை. உள்ளே போன நஞ்சு மூன்றில் ஒரு பங்கு எடையில் அப்படியே தங்குகிறது. 10 பி.பி.பி. மக்காச்சோளம் 30 பி.பி.பி. சக்கை ஆகிறது. உணவுத் தானிய வரம்பான 15-க்குள் இருந்த நல்ல சரக்குகூட 45 ஆகிவிடும். தீவன வாசலில் ஒதுக்கிய லோடு இந்தச் சுற்றில் மும்மடங்கு வீரியத்தோடு அதே தீவனத் தொட்டிக்குத் திரும்ப வழி இருக்கிறது.

நல்ல செய்தி ஒன்று உண்டு. டி.டி.ஜி.எஸ். தூளாகக் கலந்து வருவதால் மாதிரி எடுப்பது மணியைவிட எளிது. எலைசா போடும்போது மட்டும் அதன் கரும்பழுப்பு நிறமும் புளிப்பும் குறுக்கிடும், டி.டி.ஜி.எஸ்.க்கென்று சரிபார்த்த கிட் வேண்டும். ஒவ்வொரு தொகுப்புக்கும் பி1 அறிக்கை இல்லாமல் அதை இறக்க மாட்டோம் என்று தீவன ஆலைகள் கொள்முதல் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம், அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.